போலந்து விமானிகளின் வெற்றிக்குக் காரணம் ஆவேசமா, பயிற்சியா? 303ஆம் ஸ்குவாட்ரனை முன்வைத்து ஒரு விவாதம்

நெடுவானம்:

நண்பர்களுக்கு வணக்கம். 1940ஆம் ஆண்டு பிரிட்டனின் வானில் நடந்த போரைப் பற்றித் தமிழில் எழுதப்படும் கட்டுரைகளில் போலந்து விமானிகளைக் குறித்து ஒரே சித்திரம்தான் திரும்பத் திரும்ப வருகிறது. நாட்டை இழந்தவர்கள், வீட்டைப் பறிகொடுத்தவர்கள், ஆகவே உயிரைத் துச்சமாக மதித்து எதிரியின் மீது பாய்ந்தவர்கள் என்பதே அந்தச் சித்திரம். புகழும் எண்ணத்தில்தான் இப்படி எழுதுகிறார்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் இந்தப் புகழ்ச்சி, அவர்களுக்குச் சேர வேண்டிய முதன்மையான பெருமையை மறைத்துவிடுகிறது என்று நான் கருதுவதால் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

என் வாதம் இதுதான்: 303ஆம் ஸ்குவாட்ரனில் (பிரிட்டிஷ் விமானப்படையோடு சேர்ந்து இயங்கிய போலந்துப் போர் விமானப் பிரிவு) பறந்தவர்கள் ஆவேசக்காரர்கள் அல்லர், கடுமையாக வடிகட்டித் தேர்ந்தெடுக்கப்பட்டு, முறையாகப் பயிற்றுவிக்கப்பட்ட ஒரு நாட்டின் விமானப்படையினர். அவர்களில் பலர் டெம்ப்ளின் நகரிலிருந்த விமானப்படை அதிகாரிகள் பள்ளியில் பயின்றவர்கள். 1940 ஆகஸ்டில் ஹரிக்கேன் விமானத்தில் சில மணி நேரமே பறந்திருந்த பிரிட்டிஷ் இளைஞர்கள் போருக்கு அனுப்பப்பட்டுக் கொண்டிருந்தபோது, இவர்கள் ஆண்டுக்கணக்கில் பறந்து பழகியவர்களாகவும், போலந்திலும் பிரான்சிலும் ஏற்கெனவே ஜெர்மானியரை எதிர்கொண்டவர்களாகவும் இருந்தனர்.

அவர்கள் சொந்த நாட்டில் ஓட்டிய பி.11 விமானத்தைச் சற்றே நெருங்கிப் பார்த்தால் மற்றவை தாமே விளங்கும். விமானியின் இருக்கைக்கு மேல் கூரை கிடையாது. சக்கரங்களை உள்ளே இழுக்க முடியாது. பெரும்பாலானவற்றில் இரண்டே இயந்திரத் துப்பாக்கிகள். எல்லா விமானங்களிலும் வானொலிக் கருவியும் இல்லை. ஜெர்மானியக் குண்டுவீச்சு விமானங்கள் சிலவற்றைக்கூட அதனால் விரட்டிப் பிடிக்க முடியாது. இப்படிப்பட்ட விமானத்தில் உயிரோடு இருக்க வேண்டுமானால் எதிரியை அவன் நம்மைப் பார்ப்பதற்கு முன்பே பார்த்தாக வேண்டும். இரண்டு துப்பாக்கிகளால் பயன் கிடைக்க வேண்டுமானால் மிக அருகில் சென்று சுட்டாக வேண்டும். பிரிட்டிஷ் விமானப்படை தன் ஹரிக்கேன்களின் எட்டுத் துப்பாக்கிகளையும் ஏறத்தாழ 360 மீட்டர் தொலைவில் குண்டுகள் ஒன்றுசேருமாறு தொடக்கத்தில் அமைத்திருந்தது. போலந்து விமானிகளோ அந்தத் தொலைவில் பாதிக்கும் குறைவாக நெருங்கிய பிறகே விசையை அழுத்தினார்கள். பார்த்தவர்களுக்கு அது பித்துப் பிடித்த துணிச்சலாகத் தெரிந்தது. உண்மையில் அது பழைய விமானம் கற்றுக் கொடுத்த பாடம்.

மதுரை இளங்கோ:

நெடுவானம் ஐயாவுக்கு வணக்கம். பயிற்சியின் பங்கை நான் மறுக்கவில்லை. ஆயினும் உணர்ச்சியை முற்றிலும் ஒதுக்கிவிட முடியுமா என்று கேட்கிறேன். 1939 செப்டம்பர் முதல் நாளில் ஜெர்மனி மேற்கிலிருந்து நுழைந்தது. 17ஆம் நாள் சோவியத் படைகள் கிழக்கிலிருந்து நுழைந்தன. வார்சா எரிவதைக் கண்ணால் கண்ட மனிதர்கள் ருமேனியாவிலும் ஹங்கேரியிலும் தடுப்பு முகாம்களிலிருந்து தப்பி, அவர்களில் பலர் கருங்கடல் துறைமுகமான பால்சிக்கில் கப்பலேறி, பெய்ரூட் வழியாக மார்சேய் சேர்ந்து, பிரான்சும் வீழ்ந்த பிறகு மறுபடியும் கப்பலேறிப் பிரிட்டனுக்குப் போனார்கள். இத்தனை நாடு கடந்தும் மீண்டும் விமானத்தில் ஏறி அமரத் தூண்டியது டெம்ப்ளின் பாடத்திட்டமா?

மேலும் 1940 ஆகஸ்ட் 30ஆம் நாள் நடந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். 303ஆம் ஸ்குவாட்ரன் அப்போது போருக்குத் தகுதி பெறவில்லை. பிளென்ஹைம் என்ற பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானங்களை எதிரியாக வைத்துக்கொண்டு பயிற்சியில் இருந்தது. அந்தப் பயிற்சியின் நடுவே லூத்விக் பாஷ்கியேவிச் அணியை விட்டுப் பிரிந்து சென்று ஒரு ஜெர்மானிய விமானத்தைச் சுட்டு வீழ்த்தினார். ஒழுங்கு மிக்க ஒரு படைவீரர் செய்யும் செயலா இது? எனக்கு இது பொறுக்க முடியாத மனத்தின் செயலாகவே தோன்றுகிறது.

நெடுவானம்:

நல்ல கேள்வி, இளங்கோ. அவர்களை மீண்டும் விமானத்தில் ஏற்றியது எது என்பதும், ஏறிய பிறகு அவர்களை வெல்ல வைத்தது எது என்பதும் வெவ்வேறு கேள்விகள். முதற்கேள்விக்கு நீங்கள் தரும் விடையை நான் முழுமனதோடு ஏற்கிறேன். நாட்டுப்பற்று இல்லாமல் யாரும் அந்தப் பயணத்தை மேற்கொண்டிருக்க மாட்டார்கள். ஆனால் அதே துயரத்தைச் சுமந்துகொண்டு, போதிய பயிற்சி இல்லாமல் வானில் ஏறியிருந்தால், முதல் வாரத்திலேயே மடிந்திருப்பார்கள்.

பாஷ்கியேவிச்சின் செயலை எடுத்துக்கொள்வோம். எதிரி விமானங்களை முதலில் கண்டவர் அவர். கண்டவுடன் ஸ்குவாட்ரனின் பிரிட்டிஷ் தளபதி ரோனல்டு கெல்லட்டுக்கு வானொலியில் தெரிவித்தார். மறுமொழி வராத பிறகே பிரிந்து சென்றார். இது ஒழுங்கு மீறல் என்பதை நான் மறைக்கவில்லை. அவர் கண்டிக்கவும் பட்டார். ஆனால் பன்னிரண்டு பேர் பறக்கும்போது தொலைவில் நடப்பதை ஒருவர் முதலில் காண்பது பழக்கத்தின் விளைவு. அக்காலப் பிரிட்டிஷ் அணிவகுப்பில் மூன்று மூன்று விமானங்கள் நெருக்கமாகப் பறந்தன. பின்னால் வருகிற இருவருடைய கண்களும் தலைவனின் இறக்கை மீதே இருக்க வேண்டியிருந்தது. போலந்து விமானிகள் அந்த முறையைத் தொடக்கத்திலிருந்தே விரும்பவில்லை. இடைவெளி விட்டுப் பறந்து, எல்லாத் திசைகளிலும் தலையைத் திருப்பிக்கொண்டே இருந்தார்கள். அந்தச் சம்பவத்துக்கு மறுநாளே, அதாவது ஆகஸ்ட் 31 அன்று, ஸ்குவாட்ரன் போர்ப்பணிக்கு அனுமதிக்கப்பட்டது. பாஷ்கியேவிச் செப்டம்பர் 27இல் போரில் உயிர் துறந்தார்.

யாழ்நிலா:

இந்த இழையை ஆர்வத்தோடு வாசிக்கிறேன். எனக்கு ஓர் ஐயம் உண்டு. 303ஆம் ஸ்குவாட்ரன் 126 விமானங்களை வீழ்த்தியதாக எங்கும் எழுதப்படுகிறது. அது போர்க்களத்தில் இருந்ததோ ஆகஸ்ட் இறுதியிலிருந்து அக்டோபர் 11 வரை, ஆறு கிழமைகள் மட்டுமே. ஜெர்மானிய வான்படையின் இழப்புப் பதிவேடுகளோடு ஒப்பிட்ட பின்னாளைய ஆய்வாளர்கள் இந்த எண்ணைப் பாதிக்கும் கீழே குறைத்துவிட்டார்கள். அப்படியிருக்க, இந்தப் புகழ் முழுவதும் மிகைப்படுத்தப்பட்ட கணக்கின் மீது எழுந்ததுதானா? பயிற்சி, ஒழுங்கு என்று பேசும்போது இந்தக் கேள்வியை ஒதுக்கிவிட முடியாது.

கதிர்பொறியாளர்:

யாழ்நிலா அவர்களின் கேள்விக்கு விரிவாகவே விடை சொல்ல வேண்டும்.

126 என்பது அன்று ஏற்கப்பட்ட கணக்கு. உண்மையான எண் அதைவிட மிகக் குறைவு என்பதில் இன்று கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் இது போலந்துக்காரர்களுக்கு மட்டும் உரிய குறை அன்று. 1940 செப்டம்பர் 15ஆம் நாள் 185 விமானங்களை வீழ்த்தியதாகப் பிரிட்டன் அறிவித்தது. ஜெர்மனி அன்று உண்மையில் இழந்தவை 60 அளவிலேயே இருந்தன. மணிக்கு 500 கிலோமீட்டர் வேகத்தில் நடக்கும் சண்டையில் ஒரே குண்டுவீச்சு விமானத்தை மூன்று பேர், நான்கு பேர் அடுத்தடுத்துச் சுடுவார்கள். அது புகைந்துகொண்டு சரிவதை ஒவ்வொருவரும் பார்ப்பார்கள். தரையிறங்கியதும் ஒவ்வொருவரும் உண்மை என்று நம்பியே தன் கணக்கில் எழுதுவார்கள். எந்த நாட்டு விமானப்படையும் இதற்கு விலக்காக இருக்கவில்லை. எல்லா ஸ்குவாட்ரன்களின் கணக்கையும் ஒரே அளவுகோலால் குறைத்த பிறகும் 303 முன்வரிசையில்தான் நிற்கிறது. ஒப்பீடு என்று வரும்போது இதுதான் கவனிக்கத்தக்கது.

அந்த ஐயம் அன்றே எழுந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 303 இயங்கிய, லண்டனுக்கு அருகிலுள்ள நார்த்தோல்ட் தளத்தின் தலைவர் ஸ்டான்லி வின்சென்ட் இந்த எண்களை நம்பவில்லை. உளவு அதிகாரியிடம் விமானிகளைத் துருவிக் கேட்கச் சொன்னார்; அதிலும் நிறைவடையாமல், தாமே ஒரு ஹரிக்கேனில் ஏறி அவர்களுக்குப் பின்னால் பறந்து சென்றார். முதல் உலகப் போரிலேயே பறந்தவர் அவர். குண்டுவீச்சு அணியின் மீது அவர்கள் செங்குத்தாக இறங்கியதையும், அணி சிதறியதையும், தனித்தனியாகப் பிரிந்தவற்றை அவர்கள் நெருங்கிச் சென்று சுட்டதையும் நேரில் பார்த்த பிறகு அவருடைய ஐயம் தீர்ந்தது.

இன்னொரு சான்றும் உண்டு. மிரோஸ்லாவ் ஃபெரிச் என்ற விமானி 1939 செப்டம்பரிலேயே ஒரு நாட்குறிப்பைத் தொடங்கி, அதை நாடு நாடாகச் சுமந்து வந்தார். நார்த்தோல்டில் அது ஸ்குவாட்ரனின் பொது ஏடாகவே மாறிவிட்டது. சண்டையிலிருந்து இறங்குகிறவர்களைப் பிடித்து, அவரவர் கையாலேயே நடந்ததை எழுத வைத்தார். செப்டம்பர் 26 அன்று தளத்துக்கு வந்த ஆறாம் ஜார்ஜ் மன்னரும் அதில் கையொப்பமிட்டார். ஃபெரிச் 1942 பிப்ரவரியில் நார்த்தோல்டிலேயே விமான விபத்தில் இறந்தார். ஏடு லண்டனில் உள்ள சிகோர்ஸ்கி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தங்கள் ஒவ்வொரு சண்டையையும் எழுதி வைத்து, மற்றவர்கள் எழுதியதோடு ஒப்பிட்டுப் பார்க்கிற குழுவை வெறும் ஆவேசக் கூட்டம் என்று எப்படிச் சொல்வது?

கதிர்பொறியாளர்:

முந்தைய பதிவில் விடுபட்ட ஒன்றைச் சேர்க்கிறேன். தகுதி பெற்ற இவர்களைப் பல வாரங்கள் தரையில் வைத்திருந்ததற்கு உண்மையான தொழில்நுட்பக் காரணங்களும் இருந்தன. இவர்கள் பழகியிருந்த விமானங்களில் வேகத்தைக் கூட்ட, எஞ்சின் விசையைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் கைப்பிடியைப் பின்னுக்கு இழுக்க வேண்டும். ஹரிக்கேனில் முன்னுக்குத் தள்ள வேண்டும். ஆபத்து வரும் நொடியில் கை பழைய பழக்கத்துக்கே போகும் என்பது இயந்திரம் இயக்கும் எவருக்கும் தெரியும். உயரம் மீட்டரிலிருந்து அடியாகவும், வேகம் கிலோமீட்டரிலிருந்து மைலாகவும் மாறியது. நிலையான சக்கரங்களோடு பறந்து பழகியவர்கள் தரையிறங்கும்போது சக்கரங்களை இறக்க மறந்தார்கள். அதனால் வயிற்றால் மோதிச் சேதமடைந்த விமானங்களும் உண்டு.

மொழி அதைவிடப் பெரிய தடை. கெல்லட் போலந்து அதிகாரிகளோடு பிரெஞ்சு மொழியில் பேசித்தான் காரியத்தை நடத்தினார். ஸ்குவாட்ரனின் துணைப்பிரிவுத் தலைவர்களில் ஒருவரான, கனடாவைச் சேர்ந்த ஜான் கென்ட், விமானக் கருவிகளின் போலிஷ் பெயர்களை ஒலிப்படி எழுதி வைத்துக்கொண்டு கற்பித்தார். வானொலிக் கட்டளைகளைப் பழகுவதற்காக வளர்ந்த விமானிகளை மூன்று சக்கர மிதிவண்டிகளில் ஏற்றி, காதில் ஒலிக்கருவியை மாட்டி, விளையாட்டுத் திடலில் அணிவகுத்து ஓட வைத்தார்கள். பல நூறு மணி நேரம் வானில் இருந்த மனிதர்கள் அதையும் பொறுமையாகச் செய்து முடித்தார்கள்.

தரையில் இருந்தவர்களையும் மறந்துவிடக் கூடாது. மாலையில் துளைகளோடு திரும்பும் ஹரிக்கேன்களை விடிவதற்குள் பறக்கும் நிலைக்குக் கொண்டு வந்தவர்கள் போலந்து இயந்திரப் பணியாளர்கள். அவர்களும் விமானிகளைப் போலவே ருமேனியாவையும் பிரான்சையும் கடந்து வந்தவர்கள்தாம். பெயர்ப் பட்டியல்களில் அவர்கள் வருவதே இல்லை.

மதுரை இளங்கோ:

விளக்கங்களுக்கு நன்றி. ஆனால் யோசெஃப் ஃபிரான்டிஷெக்கை என்ன செய்வது? 303இல் மிக அதிகமாக, 17 விமானங்களை வீழ்த்தியவர் அவர்தான். அணியில் நில்லாமல் தனியே பிரிந்து சென்று வேட்டையாடியவர். உங்கள் கோட்பாட்டுக்கு அவர் நேர் எதிரான சான்று அல்லவா?

நெடுவானம்:

அவர் எதிர்ச்சான்றுதான், ஒப்புக்கொள்ளத் தயங்கவில்லை. ஆனால் அந்த ஸ்குவாட்ரன் அவரை எப்படிக் கையாண்டது என்பதைப் பாருங்கள்.

ஃபிரான்டிஷெக் மொராவியாவில் பிறந்த செக் விமானி. 1939 மார்ச்சில் ஜெர்மனி அவருடைய நாட்டை விழுங்கியதும் போலந்துக்குத் தப்பினார். செப்டம்பரில் போலந்துக்காகவே பறந்தார். ருமேனியா, பிரான்சு, பிரிட்டன் என்று போலந்துக்காரர்களோடேயே சென்றார். அணியை விட்டு அவர் பிரிந்து போனது சக விமானிகளுக்கு ஆபத்தாக முடியும் என்பதால் பலமுறை கண்டிக்கப்பட்டார். அவரை மாற்ற முடியாது என்று தெரிந்ததும், ஸ்குவாட்ரனின் அப்போதைய போலந்துத் தளபதி விட்டோல்ட் உர்பனோவிச் அவரை ஸ்குவாட்ரனின் விருந்தினராகக் கருதித் தனியே பறக்கவிட்டதாகச் சொல்லப்படுகிறது. அதாவது அணியில் அவருடைய இடத்தை நம்பகமான வேறொருவர் நிரப்பினார்; அணி குலையவில்லை. ஆவேசமே எல்லாருடைய இயல்பாகவும் இருந்திருந்தால் இப்படி ஒருவருக்கு மட்டும் தனி ஏற்பாடு தேவைப்பட்டிருக்காது. அவர் 1940 அக்டோபர் 8 அன்று சர்ரே பகுதியில் விமானம் விழுந்து இறந்தார். நார்த்வுட் இடுகாட்டில் போலந்து விமானிகளோடு சேர்த்தே அவரைப் புதைத்திருக்கிறார்கள்.

தாமரைச்செல்வி:

இதுவரை நடந்த விவாதம் வானிலேயே நிற்கிறது. எனக்கு முக்கியமாகப் படுவது அவர்களுடைய சட்ட நிலை. நெடுவானம் ஐயாவின் வாதத்துக்கு அதுவே மிக வலுவான ஆதாரம் என்றும் நினைக்கிறேன்.

முதலில் வந்த போலந்து விமானிகளைப் பிரிட்டன் தன் விமானப்படையின் தன்னார்வலர் பிரிவில்தான் சேர்த்துக்கொண்டது. அவர்கள் பிரிட்டிஷ் மன்னருக்கும் விசுவாச உறுதிமொழி எடுக்க வேண்டியிருந்தது. சொந்தக் குடியரசுக்கு உறுதிமொழி எடுத்த அதிகாரிகளை இது எவ்வளவு புண்படுத்தியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. 1940 ஆகஸ்ட் 5ஆம் நாள் கையெழுத்தான உடன்படிக்கை அந்த நிலையை மாற்றியது. போலந்து விமானப்படை ஓர் இறையாண்மை கொண்ட நாட்டின் படையாக ஏற்கப்பட்டது. போர்க்களத்தில் பிரிட்டிஷ் தலைமையின் கட்டளைப்படி இயங்கினாலும் அவர்கள் தங்கள் கழுகுச் சின்னத்தை அணிந்தார்கள். விமானங்களில் சிவப்பு வெள்ளைக் கட்டங்களைத் தீட்டினார்கள். 303க்கு அவர்கள் எடுத்துக்கொண்ட கோஷ்சியூஷ்கோ என்ற பெயரும் 1919-21 போலந்து-சோவியத் போரில் அமெரிக்கத் தன்னார்வலர்கள் பறந்த பழைய போலந்து ஸ்குவாட்ரனிலிருந்து வந்தது. அந்தப் படை 1940இல் பிரிட்டனில் புதிதாக முளைத்தது அன்று; அதே படை இடம் மாறி வந்திருந்தது.

ஆவேச வீரர்கள் என்று இவர்களைப் புகழ்ந்தபோது பத்திரிகைகள் மறந்தது இதைத்தான். துணிச்சல் மிக்க விருந்தாளி என்றால் பதக்கம் கொடுத்து வழியனுப்பிவிடலாம். ஒரு நாட்டின் படை என்றால், அந்த நாடு எங்கே என்று அது கேட்கும்.

1945 பிப்ரவரியில் யால்டாவில் நடந்த நேச நாட்டுத் தலைவர்களின் மாநாட்டில் போலந்தின் கிழக்குப் பகுதி சோவியத் நாட்டுக்கு விட்டுக் கொடுக்கப்பட்டது. ல்வோவ், வில்னோ நகரங்களைச் சேர்ந்த விமானிகளுக்கு அதன்பின் திரும்புவதற்கு ஊரே இல்லாமற்போனது. ஜூலையில், நாட்டை இழந்து லண்டனில் இயங்கிய போலந்து அரசுக்கான அங்கீகாரத்தைப் பிரிட்டன் விலக்கிக்கொண்டது. 1946 ஜூன் 8 அன்று லண்டனில் வெற்றி அணிவகுப்பு நடந்தபோது, 1940இன் வான்போரில் பறந்த 25 விமானிகளுக்கு மட்டும் பிரிட்டிஷ் விமானப்படையோடு சேர்ந்து நடக்க அழைப்பு வந்தது. இத்தாலியிலும் நார்மண்டியிலும் ஹாலந்திலும் போரிட்ட தங்கள் தரைப்படைத் தோழர்களுக்கு அத்தகைய அழைப்பு இல்லாததால், அவர்கள் செல்ல மறுத்துவிட்டார்கள். தனிமனிதர்களாக அழைக்கப்பட்டவர்கள் ஒரு படையாக விடை கொடுத்தார்கள் என்றே இதை நான் வாசிக்கிறேன்.

யாழ்நிலா:

தாமரைச்செல்வி அக்கா, உங்கள் பதிவு எனக்குப் பல விடயங்களைத் தெளிவாக்கியது. எண்களைப் பற்றிய என் கேள்விக்கும் கதிர் அவர்கள் நேர்மையாக விடை தந்திருக்கிறார். ஒன்றை மட்டும் வேண்டுகிறேன்: 303ஐ மட்டுமே பேசிக்கொண்டிருக்க வேண்டாம். 1940இன் வான்போரில் பறந்த போலந்து விமானிகள் 145 பேர். அவர்களில் பெரும்பகுதியினர் வேறு ஸ்குவாட்ரன்களில் இருந்தனர், பலர் பிரிட்டிஷ் ஸ்குவாட்ரன்களிலேயே சிதறியிருந்தனர். இரவுநேர வான்சண்டைக்கென்றே அமைந்த 307ஆம் ஸ்குவாட்ரன் 1942இல் எக்சிட்டர் நகரைக் காக்கப் போரிட்டது. உர்பனோவிச் 1943இல் சீனாவுக்கே சென்று அமெரிக்க வான்படையோடு ஜப்பானியருக்கு எதிராகப் பறந்தார். யத்விகா பியுசுத்ஸ்கா, அன்னா லெஸ்கா, ஸ்டெபானியா வொய்துலானிஸ் ஆகிய மூன்று பெண்கள், தொழிற்சாலைகளிலிருந்து போர்த்தளங்களுக்கு விமானங்களை ஓட்டிச் சென்று ஒப்படைத்தார்கள். போலந்தை ஆண்ட மார்ஷலின் மகள் யத்விகா என்பதைச் சொன்னால்தான் பலர் நிமிர்ந்து பார்க்கிறார்கள். அவர் ஸ்பிட்ஃபயர் ஓட்டியதே போதுமான காரணம் என்று நான் நினைக்கிறேன்.

மதுரை இளங்கோ:

ஒரு கடைசிக் கேள்வி. போர் முடிந்ததும் இவர்களில் பெரும்பாலோர் தாய்நாடு திரும்பவில்லை. நாட்டுக்காகவே பறந்தவர்கள் நாட்டுக்குத் திரும்பாமல் பிரிட்டனிலும் கனடாவிலும் அமெரிக்காவிலும் தங்கியது முரண் அல்லவா? புதிய அரசு பிடிக்காவிட்டாலும் மண் அதே மண்தானே.

தாமரைச்செல்வி:

இளங்கோ தம்பி, ஸ்டனிஸ்லாவ் ஸ்கால்ஸ்கி என்ற ஒருவருக்கு நடந்ததைச் சொன்னாலே உங்கள் கேள்விக்கு விடை கிடைக்கும்.

1939இல் போலந்திலும் 1940இல் பிரிட்டனிலும் பறந்த அவர், 1943இல் வட ஆப்பிரிக்காவில் ஒரு சிறு போலந்து அணிக்குத் தலைமை தாங்கினார். ஸ்பிட்ஃபயர் ஒன்பதாம் வகை விமானங்களோடு, இரண்டு மாத அளவில் அந்த அணி இருபதுக்கும் மேற்பட்ட எதிரி விமானங்களை வீழ்த்தியதாகக் கணக்கில் உள்ளது. அதன்பின் 601ஆம் பிரிட்டிஷ் ஸ்குவாட்ரனுக்கே தளபதியாக்கப்பட்டார். போலந்து விமானிகளில் மிக அதிக வெற்றிகளைப் பெற்றவர் என்று கருதப்படுபவர் அவர். பிரிட்டனில் தங்கியிருந்தால் அவருக்கு ஒரு குறையும் வந்திருக்காது. நீங்கள் சொல்வது போலவே, மண் அதே மண்தான் என்று 1947இல் போலந்துக்குத் திரும்பினார்.

1948இல் உளவாளி என்று குற்றஞ்சாட்டிக் கைது செய்தார்கள். சித்திரவதை செய்தார்கள். மரண தண்டனை விதித்தார்கள். பின்னர் அதை ஆயுள் தண்டனையாக மாற்றினார்கள். மேற்கில் போரிட்டுத் திரும்பிய வேறு சில விமானப்படை அதிகாரிகளுக்கு அந்த மாற்றமும் கிடைக்கவில்லை. அவர்களுக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. ஸ்கால்ஸ்கி 1956இல்தான் விடுதலையானார். இந்தச் செய்திகள் லண்டனுக்கு வந்து சேர்ந்துகொண்டிருந்தபோது, அங்கே தொழிற்சாலைகளிலும் உணவகங்களிலும் வேலை தேடிக்கொண்டிருந்த பழைய விமானிகளிடம் போய், ஏன் திரும்பவில்லை என்று நம்மால் கேட்க முடியுமா? 1947இல் பிரிட்டன் அவர்களுக்கென்று குடியேற்றச் சட்டம் ஒன்றை இயற்றியது. தாமதமாக வந்தாலும் அது பயனுள்ள சட்டம். ஆயிரக்கணக்கானோருக்கு வேலையும் வீடும் அதனால் கிடைத்தன. ஆனால் அவர்கள் கேட்டது குடியேற்ற உரிமையை அன்று.